சர்க்கார் தஸ்தாவேஜும் குடிகளின் பாத்தியதையும்

சர்க்கார் வசத்திலும் கோர்ட்டார் வசத்திலும் உள்ள செய்திகளைக் குடிகள் கேட்டறிந்துகொள்ளலாம் என்னும் பாத்தியதை 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு பிறந்ததென்று நம்மவரிற் பலரும் எண்ணியிருக்கின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. ஏட்டைக் காட்டி உரிமையை நிலைநாட்டும் வழக்கம் மதுரைச் சீமைக்குப் புதிதன்று. ஆயிரத்திருநூறு வருஷங்களுக்கு மேற்பட்ட பழமையுடையது. புதிதாக வந்தது வேறொன்று. ஏட்டை வைத்திருப்பவன் தன் மனம்போலக் காட்டுவதும் மறைப்பதும் ஆகிய அதிகாரத்தை அவன் கையினின்றும் எடுத்ததே அது. அதுவும் ஒரே நாளில் எடுக்கப்பட்டதன்று. இன்னும் முழுவதும் எடுக்கப்பட்டதுமன்று. இவ்வரலாற்றை, நமது ஜில்லாவிற்கு உரியவற்றை முன்வைத்து, நேயர்களுக்குச் சுருக்கமாக எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

எட்டாம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்து வேள்விக்குடிச் செப்பேடு ஒரு வழக்கின் கதையை நமக்குச் சொல்லுகின்றது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பழைய பாண்டியன், கொற்கைகிழான் நற்கொற்றன் என்பானுக்கு வேள்விக்குடி என்னும் ஊரைத் தானமாகக் கொடுத்தான். பின்னர்க் களப்பிரர் வந்து நாட்டைக் கைக்கொண்டபோது அவ்வூர் பறிபோயிற்று. பல தலைமுறை கழிந்தபின், நெடுஞ்சடையனது மூன்றாம் ஆட்சியாண்டில், நற்கொற்றன் வழிவந்த நற்சிங்கன் என்பவன் அரசன் கூடல்மாநகரின் வீதியில் வரும்போது எதிர்நின்று முறையிட்டான். அரசன் உடனே ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. நாட்டாரைக் கொண்டு உன் பழமையை மெய்ப்பித்துக் காட்டு என்றான். நற்சிங்கன் அவ்வாறே காட்டினான், ஊர் மீண்டது. இதில் நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. நற்சிங்கனுக்குத் தன் முன்னோர் பெற்ற தானத்தின் சான்று எட்டும் இடத்தில் இருந்தது. அதை எடுத்துச்சொல்ல நாட்டாரும் இருந்தனர். அச்சான்று அவனுக்கு எட்டாத ஒருவர் வசத்தில் இருந்திருக்குமாயின், அரசன் எத்துணை நீதிமானாயினும் ஊர் மீண்டிராது.

மதுரைக்கு அருகிலுள்ள ஆனைமலையில், நரசிங்கப்பெருமாள் குடைவரையில், கலியுகம் 3871-ஐக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. இங்கிலீஷ்க் கணக்கில் அது 770-ஆம் வருஷம். மாறன் காரி என்னும் மந்திரி அக்கோயிலைத் தொடங்கி இறந்ததையும், அவன் தம்பி மாறன் எயினன் அதனை முடித்ததையும் அது கூறும். கோயிற் சுவரில் வெட்டிய எழுத்து எல்லோர் கண்ணுக்கும் முன் நிற்பது. ஒருவர் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூடியதன்று. ஆயினும் கோயிலுக்குள் எல்லோரையும் விட்டார்களா, விடப்பட்டவர்களில் எத்தனைபேர் எழுத்தறிந்தவர் என்று கேட்டால், பழங்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வோர்க்கு விடை கூறுதல் எளிதாயிராது.

கல்லில் வெட்டியது சிறுபான்மை. ஓலையில் எழுதியதே பெரும்பான்மை. அவ்வோலை கர்ணத்தின் வீட்டில் இருந்தது. ஊரில் எந்தப் புலம் யாருடையது, எது நஞ்சை, எது புஞ்சை, எது புறம்போக்கு, யார் எவ்வளவு கிஸ்தி செலுத்தினார், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் கணக்கில் அடங்கும். கம்பெனியார் 1801-ஆம் வருஷத்தில் கர்நாடகத்தின் ஆட்சியை நவாபிடமிருந்து பெற்றதன் பின்னர், 1802-ஆம் வருஷத்து 29-வது ரெகுலேஷனால் கர்ணத்தின் கடமைகளை வரையறுத்தார்கள். உத்தியோகமோ பரம்பரையாகவே தொடர்ந்தது. தகப்பனார் எழுதிய கணக்கை மகன் எழுதினான். அடங்கல், சிட்டா முதலியவை சர்க்கார் கணக்குகளென்று பெயரளவில் இருந்தும், அவை கர்ணத்தின் திண்ணையிலும் பெட்டியிலும் இருந்தமையால், அவற்றைப் பார்க்க விரும்பும் குடியானவன் மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. எழுத்தறியாதவனுக்கு வாசித்துச் சொல்லப்பட்டதே கணக்கு. வருஷத்துக்கொருமுறை ஜமாபந்தியில் மேலதிகாரி கணக்கைப் பார்வையிடுவார் என்பது உண்மையே; ஆனால் அவர் பார்த்தது சர்க்காருக்கு வரவேண்டிய பணம் சரியாக வந்ததா என்பதையே அன்றிக் குடியானவன் பெயர் சரியாக இருக்கின்றதா என்பதையன்று. யோக்கியரான கர்ணங்கள் அநேகர் இருந்தனர். அவர்களால் ஊர் பெற்ற நன்மையை நாம் மறுக்கவில்லை. யோக்கியதை ஒருவரது குணமாக இருந்ததேயன்றிக் குடியின் உரிமையாக இருக்கவில்லை என்பதே நாம் கூறுவது. 1980-ஆம் வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஒரு அவசரச் சட்டத்தால் ஒழித்தபின்னரே, கணக்கு அக்குடும்பங்களின் வீட்டைவிட்டு வெளியேறிற்று.

ஜமீன் கிராமங்களின் நிலையோ இதனினும் கீழ்ப்பட்டது. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1803-ஆம் வருஷத்தில் சாசுவத ஜமீன்களாயின. அங்கே குடிகளின் நிலக்கணக்கு ஜமீன் கச்சேரியின் சொந்தச் சொத்து. 1908-ஆம் வருஷத்து எஸ்டேட்ஸ் லாண்டு சட்டம் குடிக்குப் பட்டா பெறும் உரிமையையும், உரிமைப் பதிவு தயாரிக்கும் வழியையும் ஏற்படுத்திற்று. 1948-ஆம் வருஷத்து 26-வது சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்த பிறகுதான் அக்கிராமங்களில் சர்க்கார் அளவையும் பட்டாவும் முறைப்பட வந்தன. வைகையின் இருமருங்கிலும், அடுத்தடுத்த ஊர்களில், ஒரு பாட்டனாருக்குச் சர்க்கார் பட்டா இருந்ததும் மற்றொருவருக்கு வாய்ச்சொல்லே இருந்ததும் இதனாலேயே.

இனிக் கோர்ட்டுகளின் தஸ்தாவேஜுகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். 1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம், பொதுத் தஸ்தாவேஜுகள் எவை என்று 74-வது பிரிவிற் கூறி, அவற்றின் சான்றிட்ட பிரதியை உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு கொடுக்கவேண்டும் என்று 76-வது பிரிவில் விதித்தது. மேலோட்டமாக வாசிப்போர் இதனைப் பெரியதோர் உரிமைப் பத்திரமென்றே கருதுவர். ஆனால் அப்பிரிவின் வாசகத்தில் ஒரு கொக்கி இருக்கின்றது. எந்தத் தஸ்தாவேஜைப் பார்வையிட ஒருவருக்கு உரிமை உண்டோ, அதன் பிரதியே அவருக்குக் கிடைக்கும். பார்வையிடும் உரிமை யாருக்கு உண்டு? அதை அச்சட்டம் சொல்லவில்லை. ஆகவே அத்தஸ்தாவேஜில் தமக்குச் சம்பந்தம் உண்டென்று காட்டுவோர்க்கே உரிமை உண்டென்னும் கொள்கை கோர்ட்டுகளில் வேரூன்றிற்று. சம்பந்தம் உண்டென்று காட்டுதற்குத் தஸ்தாவேஜு வேண்டும். தஸ்தாவேஜைப் பெறுதற்குச் சம்பந்தம் காட்டவேண்டும். நீந்தக் கற்றபின் தண்ணீரில் இறங்கு என்பது போன்ற இவ்விதி நூற்றைம்பது வருஷங்கள் வழங்கி, 2024-ஆம் வருஷம் ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் ஏறக்குறைய அப்படியே இடம் பெற்றிருக்கின்றது.

மதுரையில் ஜில்லாக் கோர்ட்டு நெடுங்காலம் திருமலை நாயக்கர் மகாலிலேயே நடந்தது. இடிந்துகிடந்த அம்மகாலை, 1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு செப்பனிடுவித்தார். அத்தூண்களின் நிழலில் நின்று பிரதிக்கு மனுக்கொடுத்த குடிகள் நம் முன்னோர். அதன் முறை இன்றைய வாலிபர்க்குத் தெரியாதாகலின் கூறுகின்றோம். முதலில் வழக்கின் எண்ணையும் வருஷத்தையும் குறித்து மனு எழுதி, கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்கவேண்டும். ரிக்கார்டு அறையிலிருந்து கட்டு வரும். எத்தனை பக்கம் என்று கணக்கிட்டு, இத்தனை நகல் ஸ்டாம்புத் தாள் வேண்டும் என்று கோர்ட்டு விளம்பரப் பலகையில் ஜாபிதா ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் மனுதாரர் அதனைப் பார்த்துத் தாள் கட்டவேண்டும். தவறினால் மனு தள்ளுபடியாகும். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வண்டிகட்டி வருகின்றவன் நாள்தோறும் பலகையைப் பார்த்துக்கொண்டிருத்தல் கூடுமோ? அதனாலேயே வக்கீல் குமாஸ்தா என்பவர் குடிக்கு இன்றியமையாதவர் ஆனார். பிறகு காப்பியிஸ்டு கையால் எழுதி, மற்றொருவர் ஒத்துப் பார்த்து, முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி பொய்யாகாதபடி சர்வே நம்பரில் ஓரிலக்கம் மாறிப்போய், மறுபடியும் ஒரு வழக்குக்கு வித்திடுவதும் உண்டு.

வழக்கில் தோற்றவனுக்கும் தீர்ப்பின் பிரதி எவ்வளவு பிரயோஜனம் என்பதற்குக் கமுதி வழக்கைச் சொல்லலாம். 1897-ஆம் வருஷத்தில் கமுதி மீனாக்ஷி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார்கள் பிரவேசித்தது பற்றி, அக்கோயிலின் பரம்பரைத் தர்மகர்த்தாவாகிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியவர்கள் மதுரைச் சப்கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள். 1899-இல் நாடார்களுக்கு விரோதமாகத் தீர்ப்பாயிற்று. ஐகோர்ட்டு 1901-இலும், லண்டன் பிரிவி கவுன்சில் 1908-இலும் அதனையே ஊர்ஜிதம் செய்தன. மூன்று கோர்ட்டிலும் தோல்வி. ஆனால் தீர்ப்புகள் சட்ட அறிக்கைகளில் அச்சேறின; சாட்சியங்கள் பிரிவி கவுன்சிலுக்காகப் புஸ்தகமாக அச்சிடப்பட்டன. எந்த நூலை, எந்த வழக்கத்தை, எவருடைய வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டு ஒரு சமூகத்தாரைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள் என்பது எல்லோரும் வாசிக்கத்தக்கதாயிற்று. அவ்வாதாரங்கள் வெளிச்சத்தில் நின்றபடியால், அவற்றைச் சமூகத்தாரும் சரித்திரக்காரரும் மறுத்து எழுத முடிந்தது. 1939-ஆம் வருஷம் ஜூலை 8-இல் ஸ்ரீ வைத்தியநாதையர் தலைமையில் மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்களும் நாடாரும் சென்றனர். அவ்வருஷமே ஒரு சட்டமும், 1947-இல் அதனினும் விரிந்த சட்டமும் பிறந்து, அத்தீர்ப்புகளைக் காலாவதியாக்கின. நீதிபதிகள் காரணங் கூறாது வாய்மொழியாகவே முடிவுசெய்து, கட்டை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தால், மறுப்பதற்கு எதைக் கையில் எடுத்திருப்பார்கள்? பிரிவி கவுன்சில் அப்பீல்களின் அச்சுப் புஸ்தகங்கள் லண்டனில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன; உள்ளூரில் செல்லரித்துப்போன சாட்சியத்தை அங்கே சென்று வாசிக்கலாம் என்பது நமக்குச் சற்றே நாணந் தருவதாகும்.

செல்லரித்தல் இயற்கையின் செயல். சர்க்காரே முறைப்படி அழிப்பதும் உண்டென்பது பலர்க்குத் தெரியாது. சென்னை ராஜதானியின் ஜில்லாக் கச்சேரிகளில், டாட்டன்ஹாம் என்னும் சிவில் சர்விஸ் உத்தியோகஸ்தர் பெயரால் வழங்கும் முறையில், ஒவ்வொரு காகிதத்தையும் தீர்த்து முடிக்கும்போது ஓர் எழுத்து இடுவார்கள். ஆர் என்று தொடங்கினால் அது என்றென்றும் வைக்கப்படும். டி என்றால் பத்து வருஷம். கே என்றால் மூன்று வருஷம். எல் என்றால் ஒரே வருஷம். மனுவுக்கு வந்த பதிலின் மூலையில் உள்ள இவ்வெழுத்தை நம்மவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. சுடுகாட்டுப் பாதைக்கும் ஊருணிக்கும் ஒரு தலைமுறை நடந்து நடந்து பெற்ற உத்தரவு எந்த எழுத்தில் அடங்கிற்றோ, அதன் ஆயுள் அவ்வளவே. கோர்ட்டுக் கட்டுகளுக்கோ 1917-ஆம் வருஷத்து ரிக்கார்டு அழிப்புச் சட்டம் ஆதாரம். எல்லாவற்றையும் வைக்க இடமில்லை என்பது மெய்தான். எதை எரிப்பது என்று தீர்மானிப்பவர் எரிக்கப்படும் காகிதத்தில் சம்பந்தமில்லாதவர் என்பதும் மெய். அழியாது தப்பியவற்றுள் பழைய மதுரை ஜில்லாக் காகிதங்கள் சென்னை எழும்பூரில் 1909-ஆம் வருஷம் அமைந்த ரிக்கார்டு ஆபீசில், இந்நாளிலே தமிழ்நாடு ஆவணக்காப்பகம் எனப்படுமிடத்தில், ஆராய்வோர்க்குக் கிடைக்கின்றன. இராத்தங்கிப் பார்ப்பதற்கு மதுரையினின்றும் 280 மைல் செல்லவேண்டும்.

மறைத்தலையே கொள்கையாகக் கொண்ட சட்டங்களும் இடையில் வந்தன. 1889-இல் முதற் சர்க்கார் இரகசியச் சட்டம். 1923-இல் இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம். வெள்ளைக்காரர் போனபின்னும் அது போகவில்லை. ஸ்வீடன் தேசத்தார் சர்க்கார் காகிதங்களைக் குடிகள் பார்க்கலாமென்று 1766-இலேயே சட்டம் செய்துவிட்டனர் என்பதை நினைக்கும்போது, நமது தாமதம் எவ்வளவென்று விளங்கும். 1975-இல் சுப்ரீம் கோர்ட்டு, ராஜ் நாராயணர் வழக்கில், பொதுக் காரியஸ்தர்கள் பொதுவிற் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய ஜனங்களுக்கு உரிமையுண்டென்று கூறிற்று. ஆனால் அவ்வுரிமைக்குக் காலும் கையும் கொடுத்தவர் ராஜஸ்தானத்துக் கூலிவேலைக்காரர்கள். 1994 முதல் அவர்கள் ஊர்தோறும் கூடி, கூலிக் கணக்கின் நகலைக் கேட்டு, அதனை எல்லோர் முன்னும் வாசிக்கச் செய்தார்கள். செத்தவர் பெயரில் கூலியும், கட்டாத கட்டிடத்துக்குச் செலவும் எழுதியிருந்தது அப்போது வெளிப்பட்டது. நமது கர்ணக் கணக்கை நினைத்துக்கொள்வோர்க்கு அது விளங்காமற் போகாது. தமிழ்நாடு 1997-இலேயே தகவலுரிமைச் சட்டம் செய்து இந்தியாவில் முன்னணியில் நின்றது. விலக்குகள் மலிந்திருந்தபடியால் பயன் சுருங்கிற்று.

2005-ஆம் வருஷம் அக்டோபர் 12 முதல் முழுமையாக அமலான மத்தியச் சட்டத்தின் சிறப்பு, மேற்கூறிய கொக்கியைக் கழற்றியதில் இருக்கின்றது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். விடைக்கு 30 நாள் தவணை. உயிரையும் சுதந்தரத்தையும் பற்றியதாயின் 48 மணி நேரம். தகுந்த காரணமின்றித் தாமதித்த உத்தியோகஸ்தர் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தம் கையிலிருந்து அபராதம் கட்ட நேரிடும். இவற்றினும் பெரிது 6-வது பிரிவு: ஏன் கேட்கிறாய் என்று மனுதாரரைக் கேட்கக்கூடாது. சம்பந்தம் காட்டவேண்டுவதில்லை, காரணம் சொல்லவேண்டுவதில்லை. வாசலில் நின்ற குடியை அச்சட்டம் திண்ணையில் ஏற்றி உட்காரவைத்தது என்னலாம். 2023-ஆம் வருஷத்துச் சொந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் சம்பந்தப்பட்ட செய்திகளுக்குள்ள விலக்கை அகலப்படுத்திற்று. பட்டாவிலும் கூலிக் கணக்கிலும் தனிமனிதர் பெயரின்றி வேறென்ன உண்டு? ஆகவே இதனைக் குறித்து நாம் கவலையுறுவது மிகையாகாது.

கோர்ட்டுகள் மட்டும் இச்சட்டத்தோடு இணங்கியும் இணங்காமலும் இருக்கின்றன. 2014-ஆம் வருஷம் செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டின் இரு நீதிபதிகள், தகவல் கேட்போர் காரணம் கூறவேண்டுமென்று ஒரு தீர்ப்பில் எழுதினர். சட்டமோ அதற்கு நேர்மாறு. பலரும் எடுத்துக்காட்டவே, சில நாட்களுக்குள் கோர்ட்டாரே அவ்வாசகத்தை நீக்கிவிட்டனர். பிழையைத் தாமே திருத்திய பெருந்தன்மைக்கு நமது வந்தனம். 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு, பிரதம நீதிபதியின் காரியாலயமும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்மானித்தது. ஆனால் 2020-ஆம் வருஷம் மார்ச் 4-இல், குஜராத் ஐகோர்ட்டு சம்பந்தமான வழக்கில், வழக்குக் கட்டிலுள்ள தஸ்தாவேஜுகளின் பிரதியை அந்தந்தக் கோர்ட்டின் விதிப்படியே பெறவேண்டுமன்றித் தகவலுரிமைச் சட்டத்தின் மூலம் பெறலாகாது என்று தீர்ப்பளித்தது. வழக்கில் கட்சியல்லாதவர் பிரதி கேட்டால், காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கவேண்டும். தாலூகாக் கச்சேரியில் கழற்றிய கொக்கி கோர்ட்டு வாசலில் இன்னும் மாட்டியே இருக்கின்றது. சாட்சிகளின் மானத்தையும் குடும்ப வழக்குகளின் அந்தரங்கத்தையும் காக்கவேண்டும் என்று கோர்ட்டார் கருதுவதில் நியாயமுண்டு. ஆனால் கட்சிக்காரர் யாவரும் இறந்து, அறுபது எழுபது வருஷங் கழிந்த கண்மாய் வழக்குக்கும் அதே பூட்டு வேண்டுமோ என்பதே நமது கேள்வி. சர்க்கார் காகிதங்களைப் பொறுத்தவரை, இருபது வருஷங் கழிந்த சம்பவங்களுக்கு விலக்குகளிற் பெரும்பாலானவை பொருந்தா என்று தகவலுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு வகுத்திருக்கின்றது. அத்தகைய காலவரம்பு கோர்ட்டு விதிகளிலும் வருமாயின் சரித்திரம் எழுதுவோர்க்குப் பேருதவியாகும்.

ஆயினும் மதுரையிலிருந்தே நல்ல செய்தியும் வந்திருக்கின்றது. 2004-ஆம் வருஷம் ஜூலை 24-இல் ஐகோர்ட்டுக் கிளை நமது நகரத்தில் ஏற்பட்டபின், தென்ஜில்லா மக்கள் பிரதிக்காகச் சென்னைக்கு ரயிலேறும் துன்பம் பெரும்பாலும் நீங்கிற்று. அக்கிளைக் கோர்ட்டே 2021-ஆம் வருஷம் ஆகஸ்டில், மைசூரிலுள்ள மத்தியத் தொல்பொருள் இலாகாவின் கல்வெட்டுக் காரியாலயத்தில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரவேண்டும் என்று உத்தரவிட்டது. நம் ஊர்க் கோயிற் சுவர்களில் ஆட்கள் வந்து மைபூசி ஒற்றியெடுத்துச் சென்ற படிகள் அவை. சுவர் இடிந்தும் சுண்ணாம்பு பூசப்பட்டும் மறைந்த கல்வெட்டுகளுக்கு இப்படிகளே எஞ்சிய சாட்சி. நற்சிங்கனைப் போல ஒருவர் இன்று பழமையைக் காட்டவேண்டின், அவர் காட்டவேண்டியது அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம்.

இனி நமது குடும்பங்களின் காரியம். பட்டாவும் சிட்டாவும் வில்லங்க விவரமும் இப்போது இணையத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே பார்க்கக் கிடைக்கின்றன. கோர்ட்டுத் தீர்ப்புகளிற் புதியவை அவ்வாறே கிடைக்கும். பழையவற்றிற்குப் பிரதி மனுவே வழி. மனு ஏற்கப்படுதற்கு வழக்கின் எண், வருஷம், கோர்ட்டின் பெயர் மூன்றும் வேண்டும். சர்க்கார் உத்தரவாயின் எழுத்து, எண், தேதி மூன்றும் வேண்டும். நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்களிற் பலருக்கு இவை வாய்ப்பாடமாக இருக்கின்றன. ஒரு நோட்டுப்புஸ்தகத்தில் எழுதிவைத்தவர் வெகுசிலரே.